மதுரைக்கு வசந்தம் எப்போது? கூழ் வத்தல், மாவடு, வேப்பம்பூ பற்றிச் சில குறிப்புகள்

போன மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஒரே பக்கத்தில் நாலு படம். ஒன்றில் பனி, ஒன்றில் உதிர்ந்த இலை, ஒன்றில் கடற்கரைக் குடை, ஒன்றில் கலர் கலராகப் பூ. பூப் படத்துக்குக் கீழே 'ஸ்பிரிங்' என்று போட்டிருந்தது.

"அம்மா, நம்ம ஊருக்கு ஸ்பிரிங் எப்போ வரும்?"

"நம்ம ஊருக்கு ஏது அதெல்லாம்? வெயில், பெரிய வெயில், ஐப்பசி மழை. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்த்தேன். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாதான் விடவில்லை.

"புள்ளைகிட்ட ஏன் இப்படிச் சொல்ற? வேம்பு பூக்குது, மாவடு வருது, வத்தல் போடுறோம். இதை விட வேற என்ன வேணுமாம்?"

மகளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்து இரண்டு மாதம் நோட்டில் எழுதி வைத்ததில் உருப்படியானதை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் பாதி சமையல் குறிப்பு, மீதி ஏன் எதற்கு என்ற கேள்விக்கான பதில். இப்படி எழுதி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. அதை வத்தல் பகுதியில் சொல்கிறேன்.

வசந்தம் என்றால் நமக்கு என்ன?

மதுரைக்காரர்களுக்கு மாதங்கள் காலண்டரில் மட்டும் இல்லை, காலுக்குக் கீழேயும் இருக்கின்றன. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. மாதத்தையே தெருவாக வைத்திருக்கும் ஊரில் 'பருவம் இல்லை' என்று சொன்னது என் தப்புதான்.

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். வசந்தம் என்று நாம் சொல்வது இந்த இளவேனிலைத்தான். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வேனில் என்றாலே வெப்பக் காலம். இளவேனில் என்றால் வெப்பம் இளசாக இருக்கும் காலம். குளிர் விலகி வெதுவெதுப்பு வருவது ஐரோப்பிய வசந்தம். நம்முடையது வெயில் முற்றத் தொடங்குகிற வசந்தம்.

இதற்குக் கல்லில் ஒரு சாட்சி இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புது மண்டபம். நம்மில் பலருக்கு அது தையல் கடையும் புத்தகக் கடையும் பாத்திரக் கடையும் நெருக்கியடித்துக் கிடந்த இடமாகத்தான் ஞாபகம். அம்மாவின் பித்தளை முறுக்கு உழக்குகூட அங்கே வாங்கியதுதான். அந்த மண்டபத்துக்கு இன்னொரு பெயர் வசந்த மண்டபம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், வசந்த விழாவுக்காகவே கட்டியது. விழா நடப்பது வைகாசியில், வெயில் உச்சத்தில். அதனால் மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதற்கு அகழி மாதிரி கால்வாய் வைத்தார்கள். தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியிருக்கிற காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். ஆக மதுரையில் வசந்தத்தைக் கொண்டாடுவது என்றால், வெயிலை வைத்துக்கொண்டே குளிர்ச்சிக்கு வழி பண்ணுவது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் கொடுப்பதும், அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுவதும் அதே வழியில் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

மரங்களுக்கு எப்படித் தெரிகிறது?

பனி தேசங்களில் வசந்தத்தில் துளிர் விடுவதற்கு வெதுவெதுப்பும் நீளும் பகலும் காரணம். இங்கே குளிரே இல்லையே, அப்புறம் வேம்பும் புங்கையும் ஏன் மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டுத் துளிர் விடுகின்றன?

மதுரைக்கு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் வந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை ஏறக்குறைய வறட்சிதான். மேல் மண் காயும்போது மரம் பழைய இலையைக் கழற்றிவிடுகிறது, ஏனென்றால் இலை வழியாகத்தான் தண்ணீர் வெளியேறும். வேர் ஆழமாகப் போன மரங்களுக்குக் கீழே ஈரம் கிடைக்கும். அந்த ஈரத்தை வைத்துப் புது இலையும் பூவும் விடுகின்றன. மழை இல்லாத நாளில் பூத்தால் மகரந்தம் கரைந்து போகாது, தேனீ தடையில்லாமல் வரும். மழை வருகிற சமயத்தில் விதை தயாராக இருக்கும். வறட்சியில் பூக்கிறதே என்று நாம் ஆச்சரியப்படுகிறோம். மரத்துக்கு அதுதான் சரியான காலம்.

கூழ் வத்தல்: மூன்று தோல்விகள்

இப்போது அந்த இன்னொரு காரணம். எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு பதினேழு படி. அம்மாவுக்கு முட்டி வலி வந்து இரண்டு வருஷமாக மாடி ஏறுவதில்லை. ஒரு வருஷம் வத்தல் போடவே இல்லை, கடையில் வாங்கிக்கொண்டோம். இந்த வருஷம் "நானும் பாப்பாவும் போடுறோம், நீ கீழே இருந்து சொல்லு" என்று இறங்கினேன். அம்மா சொல்வது எல்லாமே 'கொஞ்சம்', 'பதமா', 'கண்ணு பார்த்தா தெரியும்'. எனக்குக் கண்ணு பார்த்தும் தெரியவில்லை.

முதலில் செய்முறை. பழைய பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, ஒரு ராத்திரி வைத்தால் லேசாகப் புளிக்கும். மறுநாள் விடியற்காலையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்ட வேண்டும். பச்சை மிளகாய் அரைத்தது, சீரகம், பெருங்காயம், உப்பு. கூழ் கெட்டியாகிப் பளபளப்பு வந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்து, முறுக்கு உழக்கில் போட்டு, பழைய வேட்டியில் பிழிந்து காயவைக்க வேண்டும். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் தானாகக் கழன்று வரும். பிறகு தட்டில் கொட்டி இன்னும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல்.

முதல் தோல்வி: பத்தே நிமிஷத்தில் கூழ் கெட்டியாகிவிட்டதே என்று இறக்கிவிட்டேன். காய்ந்தபோது வத்தல் துண்டு துண்டாக நொறுங்கியது. தப்பித்ததைப் பொரித்தால் பொரியவே இல்லை, பல்லில் கல் மாதிரி.

காரணம் இதுதான். அரிசி மாவுக்குள் ஸ்டார்ச் நுண்ணிய மணிகளாக இருக்கிறது. தண்ணீரோடு சூடானால் ஏறத்தாழ 65 முதல் 78 டிகிரி செல்சியஸுக்குள் அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. உப்பும்போதே கூழ் கெட்டியாகத் தெரியும். ஆனால் வேலை அதோடு முடியவில்லை. மணிகள் உப்பி, உடைந்து, உள்ளேயிருக்கிற ஸ்டார்ச் இழைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்ன வேண்டும். அந்தப் பின்னல்தான் காய்ந்த பிறகு வத்தலைப் பிடித்து வைக்கிறது. நான் மணிகள் உப்பியதும் நிறுத்திவிட்டேன். பின்னல் இல்லாத வத்தல், சிமென்ட் போடாமல் அடுக்கிய செங்கல் மாதிரி. பாலாக வெள்ளையாக இருந்த கூழ் கண்ணாடி மாதிரி லேசாக ஒளி விடும் வரை, சின்னத் தீயில் 20, 25 நிமிஷம் கிண்டினால்தான் சரி. அம்மா சொல்லும் சோதனை: விரலைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டால் ஒட்டக் கூடாது. முதல் நாளே இதைச் சொன்னார்கள். நான்தான் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது தோல்வி: உப்பு. கூழை ருசி பார்த்து, சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகப் பிழிந்தேன். பொரித்தால் வாயில் வைக்க முடியவில்லை. அம்மா சிரித்துவிட்டு, "கூழ்ல உப்பு சப்புன்னு இருக்கணும்டி" என்றார்கள்.

மகள் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தாள். அரிசி 200 கிராம், அரைத்த தண்ணீரையும் சேர்த்து மொத்தத் தண்ணீர் 1,400 கிராம். ஆக 1,600 கிராம் கூழ். காய்ந்த பிறகு தண்ணீர் போய் மிஞ்சுவது 220 கிராம் பக்கம். உப்பு ஆவியாகாது, அப்படியே நிற்கும். கூழில் நாக்குக்குச் சரியாக இருக்க 100 கிராமுக்கு 1 கிராம் உப்பு போட்டால் மொத்தம் 16 கிராம். அது 220 கிராம் வத்தலில் சேர்ந்தால் 7 சதவீதத்துக்கும் மேலே. யாராலும் சாப்பிட முடியாது. வத்தலில் 2 சதவீதம் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், இந்த அளவுக்கு வேண்டியது சுமார் 5 கிராம், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன் தூள் உப்பு. அப்போது கூழில் உப்பு இருப்பதே தெரியாது. அம்மா சொன்ன 'சப்பு' இதுதான். காரத்துக்கும் இதே விதிதான். மிளகாயைக் கூழில் ருசி பார்த்துக் கூட்டினால் வத்தல் நெருப்பாகிவிடும்.

மூன்றாவது தோல்வி: ராத்திரி மாடியிலேயே விட்டது. பகலெல்லாம் காய்ந்ததை எதற்குக் கீழே கொண்டுவந்து, திரும்ப மேலே கொண்டுபோய் என்று சோம்பல். காலையில் பார்த்தால் தொட்டதும் வளைந்தது. பகலில் வெயில் ஏறும்போது காற்றால் நிறைய ஈரம் தாங்க முடியும், அதனால் வத்தலிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரி காற்று குளிர்ந்ததும் அதே அளவு ஈரமே அதற்கு அதிகமாகிவிடும். அப்போது திசை மாறி, காய்ந்த ஸ்டார்ச் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கத் தொடங்கும். "பொழுது சாயறதுக்குள்ள அள்ளிரணும்" என்பதற்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

நாலாவது தடவை சரியாக வந்தது. காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சமையலறைத் தராசில் ஒரு தட்டு வத்தலைத் தினமும் சாயங்காலம் நிறுத்துக் குறித்து வைத்தாள். முதல் நாள் எடை தடாலென்று இறங்கியது, இரண்டாம் நாள் கொஞ்சம், மூன்றாம் நாள் அதே எடை. எடை இறங்குவது நின்றால் காய்ச்சல் முடிந்தது. அம்மா அந்தத் தட்டைக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிப் பார்த்து, "கலகலன்னு சத்தம் வருதுல்ல, காஞ்சிருச்சு" என்றார்கள். தராசும் காதும் ஒரே நாளில் ஒரே பதிலைச் சொன்னதில் மகளுக்குத் தன் அம்மாச்சி மேல் ஒரு புது மரியாதை வந்திருக்கிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த வத்தலிலும் கொஞ்சம் ஈரம் உள்ளே இருக்கும், இருக்கவும் வேண்டும். காய்ந்த எண்ணெயில் போட்டதும் அந்த ஈரம் நொடியில் நீராவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நேரத்தில் ஸ்டார்ச்சும் சூட்டில் இளகியிருப்பதால் பலூன் மாதிரி விரிந்து, அப்படியே இறுகிவிடுகிறது. அதனால்தான் எண்ணெய் காயாமல் போட்டால் வத்தல் பொரியாது. ஈரம் மெதுவாகக் கசிந்து வெளியே போய்விடும், ஊதிப் பெரிதாக்க எதுவும் மிஞ்சாது.

வத்தலுக்கு மாசிக் கடைசியும் பங்குனியும் தோது. சித்திரையில் வெயில் இன்னும் கூடுதல்தானே, அப்போது போட்டால் என்ன என்று கேட்கலாம். சித்திரையில் பகல் சூட்டில் மேகம் திரண்டு சாயங்காலம் இடி மழை கொட்டும் நாட்கள் வரும். நல்ல வெயிலை நம்பி விரித்துவிட்டு, நாலு மணிக்கு வேட்டியோடு ஓடிவர வேண்டியிருக்கும்.

கூழ் வத்தல் மாதிரியே இந்த வெயிலில் மோர் மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி, சீனி அவரைக்காய், மிதுக்கங்காய் எல்லாம் வத்தலாகும். சீனி அவரைக்காய் என்றால் வடக்கே கொத்தவரங்காய் என்பார்களே, அதுதான். இவற்றுக்குக் கிண்டுகிற பாடு இல்லை. கீறி, மோரும் உப்பும் கலந்து ஊறவைத்துக் காயவைப்பது, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுவது, மறுநாள் மறுபடி வெயில். மோர் வற்றும் வரை இப்படிப் போகும்.

மாவடு: காற்று உதிர்த்தது

மாமரம் ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் பூக்கும். அதில் நூற்றில் ஒன்றுகூடப் பழமாகாது. மீதி பூவிலேயோ பிஞ்சிலேயோ உதிர்ந்துவிடும். அத்தனை காய்க்குச் சாப்பாடு போட மரத்தால் ஆகாது, அதனால் அதுவே கழித்துவிடுகிறது, காற்று அதற்கு உதவி செய்கிறது. அழகர்கோவில் அடிவாரத்திலும் நத்தம் பக்கத்துத் தோப்புகளிலும் இருந்து மாசி, பங்குனியில் வடு வரும். மரம் வேண்டாம் என்று விட்டதை நாம் ஒரு வருஷத்துக்கு ஜாடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

காம்போடு இருக்கிற, அடிபடாத, கெட்டியான வடு ஒரு கிலோ. கழுவித் துணியில் ஈரம் போகத் துடைக்க வேண்டும். இரண்டு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறினால் உப்பும் மஞ்சளும் ஒவ்வொரு வடு மேலும் ஒட்டிப் பரவும். கல் உப்பு 150 கிராம், மஞ்சள் தூள் ஒரு ஸ்பூன். பீங்கான் ஜாடியில் போட்டு மூடி, தினமும் ஒரு தடவை குலுக்கிவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். மூன்று நாலு நாளில் வடு சுருங்கி, ஜாடியில் தண்ணீர் நிற்கும்.

"தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்று மகள் கேட்டாள். வடுவுக்குள்ளேயிருந்துதான். வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு. தோல் வழியாகத் தண்ணீர் உப்பு அதிகமான பக்கத்துக்கு நகரும். அந்தத் தண்ணீரிலேயே மிளகாய்த் தூளும் கடுகும் அரைத்துக் கலக்க வேண்டும். கடுகை முழுசாகப் போட்டால் பிரயோஜனம் இல்லை. ஈரத்தோடு அரைபடும்போதுதான் மூக்கில் ஏறும் அந்தக் காரம் உண்டாகிறது, கிருமிகளை அடக்குவதும் அந்தக் காரம்தான். உப்பு, புளிப்பு, கடுகு மூன்றும் சேர்ந்து காவல் நிற்பதால் வடு கெடாமல் இருக்கிறது. ஈரக் கரண்டி விட்டால் இந்தக் காவல் உடைந்துவிடும். ஈரம் உப்பை நீர்க்கச் செய்வதோடு பூஞ்சையையும் உள்ளே கொண்டுபோகும். எங்கள் வீட்டு ஜாடிக்கு என்று தனியாக ஒரு மரக்கரண்டி. அதை வேறு எதற்காவது எடுத்தால் அம்மாச்சியின் கோர்ட்டில் ஜாமீன் கிடையாது.

வேப்பம்பூ

பங்குனியில் விடிகாலை தெருவில் நடந்தால் ஒரு மெல்லிய வாசனை வரும். மல்லிகை மாதிரி இருக்கும், ஆனால் மல்லிகை இல்லை. நிமிர்ந்து பார்த்தால் வேம்பு. ராத்திரியே மரத்தடியில் ஒரு வேட்டியை விரித்துவிட்டால், காலையில் பூ அதுவாகக் கொட்டியிருக்கும். தரையில் விழுந்ததைக் கூட்டி அள்ளினால் மண்ணும் வரும். பூ லேசானது என்பதால் இரண்டு நாள் வெயிலில் சருகாகிவிடும். காம்பைப் புடைத்து நீக்கி டப்பாவில் போட்டால் அடுத்த பங்குனி வரை ரசத்துக்கு ஆகும். நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். ரசத்தோடு கொதிக்கவிட்டால் கசப்பு மொத்தமும் இறங்கிவிடும்.

சித்திரை முதல் நாள் மாங்காய், வெல்லம், வேப்பம்பூ சேர்த்துப் பச்சடி செய்கிற வீடுகள் மதுரையில் நிறைய. தெலுங்கு பேசும் வீடுகளில் அதற்கு முன்பே யுகாதிக்குச் செய்துவிடுவார்கள். வரும் வருஷத்தில் இனிப்பும் கசப்பும் கலந்து வரும் என்ற விளக்கத்தை எல்லோரும் சொல்வார்கள். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: அந்த வாரத்தில் இந்த ஊரில் புதுசாகக் கிடைப்பவை மாங்காயும் வேப்பம்பூவும். பருவம் கொடுத்ததை எடுத்து இலையில் வைத்தார்கள், அர்த்தம் அதோடு வந்து சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன்.

மாடித் தோட்டம்: வெயிலோடு ஒப்பந்தம்

வத்தல் காய்கிற அதே மாடியில்தான் எங்கள் தொட்டிகளும். வத்தலுக்கு வேண்டிய வெயில் செடிக்கு ஆகாது, அதனால் மாடியைப் பாகம் பிரித்தோம். மேற்குச் சுவரை ஒட்டி நிழல் வலை கட்டிச் செடிகள், நடுவில் வேட்டி.

ஆடிப் பட்டத்தில் விதைக்கிற தோட்டம் வேறு, இப்போது விதைக்கிறது வேறு. மாசி, பங்குனியில் விதைத்தால் வெயிலைத் தாங்கி வருபவை வெண்டை, சீனி அவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை. தக்காளி இந்தச் சூட்டில் பூவை உதிர்த்துவிடும், மல்லுக்கு நிற்க வேண்டாம். தொட்டியில் மண்ணோடு தென்னை நார்க் கழிவும் தொழு உரமும் கலந்தால் எடை குறையும், ஈரமும் நிற்கும். மேலே காய்ந்த இலையைப் பரப்பிவிட்டால் மண் வெடிக்காது. வேப்பஞ்சருகு இந்த மாதம் தெருவெல்லாம் இலவசம். தண்ணீர் காலையிலும் பொழுது சாய்ந்தும் மட்டும். நடு மதியத்தில் சூடேறிய தொட்டியில் ஊற்றினால் வேர் பாவம். அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் கறிவேப்பிலைக்கு.

மல்லிகைக்கு மட்டும் இது அதன் சொந்தக் காலம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, கார்த்திகையில் கவாத்து செய்த பிறகு ஓய்வெடுத்து, மார்ச் வாக்கில் துளிர்த்துப் பூக்கத் தொடங்கும். அதனால்தான் மார்கழி, தையில் மாட்டுத்தாவணியில் பூ விலை கேட்டால் தலை சுற்றும், சித்திரையில் இறங்கிவிடும். எங்கள் தொட்டி மல்லியை இரண்டு வருஷமாகக் கவாத்து செய்யாமல் விட்டிருந்தேன். பூ புதுக் கிளையில்தான் வரும் என்று அம்மா திட்டியபிறகு போன கார்த்திகையில் பாதிக்கு வெட்டினேன். பங்குனியில் காலையில் பறித்த மொட்டு ஒரு கை நிறைய. பறிப்பதை விடிகாலையிலேயே முடித்துவிட வேண்டும், சாயங்காலம் அது தலையில் இருக்கும்போது மலரும்.

ஓவன் இல்லாத வீட்டில் கேக்

மகளின் புத்தகத்து ஸ்பிரிங்கில் ஒரு குடும்பம் கேக் சுட்டுக்கொண்டிருந்தது. எனவே அதுவும் வேண்டும். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. அடுப்பு கீழேயிருந்துதான் சுடும். ரொட்டியும் கேக்கும் நமக்கு பேக்கரியில் வாங்குகிற சாமான்கள், வீட்டுச் சமையலில் ஆவியும் எண்ணெயும்தான் ராஜா.

வழி ஒன்று இருக்கிறது. பழைய குக்கரில் ஒரு அங்குலம் மணல், மேலே ஒரு வளையம். மூடியிலிருந்து கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். பத்து நிமிஷம் சூடாக்கிவிட்டு மாவுப் பாத்திரத்தை இறக்கி, சின்னத் தீயில் 40 நிமிஷம். மணல் சூட்டை வாங்கி மெதுவாக எல்லாப் பக்கமும் கொடுக்கும், அடி தீயாது. முட்டை இல்லாமல் செய்வதால் சோடா உப்போடு தயிர் சேர்த்தோம். சோடா உப்பு தனியாகச் சரியாக வேலை செய்யாது, புளிப்போடு சேரும்போதுதான் வாயு வெளியேறி மாவு பொங்கும். கலந்ததும் தாமதிக்காமல் ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வாயு வெளியே போய் இட்லியும் இல்லாத கேக்கும் இல்லாத ஒன்று கிடைக்கும். நாட்டுச் சர்க்கரையும் இரண்டு கனிந்த வாழைப்பழமும் போட்டது நன்றாகவே வந்தது. அம்மா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பணியாரம் மாதிரி" என்றார்கள். மகளுக்குக் கோபம். எனக்கு அது பெரிய பாராட்டாகப் பட்டது.

நிழல் காணாமல் போன மத்தியானம்

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9.9 டிகிரியில் இருக்கிறது. சூரியன் தெற்கேயிருந்து வடக்கே போகும் வழியில், ஏப்ரல் 15, 16 வாக்கில் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். சித்திரை பிறந்து ஒன்றிரண்டு நாளில். திரும்பிப் போகும்போது ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. அன்றைக்கு மத்தியானம் 12 மணி 18 நிமிஷம் வாக்கில் நேராக நிறுத்திய பொருளுக்கு நிழல் பக்கத்தில் விழாது, அதன் காலடியிலேயே அடங்கிவிடும்.

மகளும் நானும் மாடியில் ஒரு டம்ளரை வைத்துப் பார்த்தோம். தரையில் கால் வைக்க முடியவில்லை, செருப்போடுதான் நின்றோம். 12 மணிக்கு ஒரு விரல் அளவுக்கு இருந்த நிழல் மெல்லச் சுருங்கி டம்ளருக்கு அடியில் போய்விட்டது. "அம்மாச்சி, நிழலைக் காணோம்!" என்று அவள் படிக்கட்டில் நின்று கத்தினாள். கீழேயிருந்து பதில் வந்தது: "நிழலை அப்புறம் தேடலாம்த்தா. மோர் மிளகாயைத் திருப்பிப் போட்டியா?"

அவள் கேட்ட கேள்விக்கு என் பதில் இப்போது இதுதான். நம் ஊருக்கு வசந்தம் உண்டு. மாசியில் வடு உதிரும்போது ஆரம்பித்து, பங்குனியில் வேம்பும் மல்லியும் பூத்து, நிழல் காலடிக்குள் போகும் சித்திரையில் முழுசாக வந்து நிற்கும். அதைப் பூவில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி மொட்டை மாடியில் வேட்டிமேல் காய்கிறது.

அம்மாவின் 'கொஞ்சம்' எல்லாவற்றையும் எங்களால் கிராமாக்க முடியவில்லை. பெருங்காயத்துக்கு இன்னும் அளவு கிடைக்கவில்லை, விரல் நுனியில் எடுத்துப் போடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடை, ருசி மட்டும் ஒன்று. ஆனால் உப்பு ஒரு டீஸ்பூன், கிண்டுவது 25 நிமிஷம், அள்ளுவது பொழுது சாய்வதற்குள் என்ற மூன்றும் மகளின் கையெழுத்தில் நோட்டில் இருக்கின்றன. முறுக்கு உழக்கும் இப்போது அவள் பெட்டியில்தான். உங்கள் வீட்டில் மாடி ஏற முடியாதவர்கள் இருந்தால், இந்தப் பங்குனிக்குள் கீழே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் மூன்று தடவை கெட்டுப் போகும். பரவாயில்லை, நாலாவது வரும்.